கறுப்பு உடுத்தும் பிள்ளைகள்

எமது கிராமத்துப் பெண்கள் சங்கத்தின் மாதாந்தக் கூட்டம் முடிந்து, சேமிப்புப் புத்தகங்களைச் சரிபார்த்துக் கொண்டிருந்த ஒரு பின்னேரம். எல்லோரும் போகும்வரை காத்திருந்த பொருளாளர் அக்கா, என்னருகில் வந்து தன் கைத்தொலைபேசியை நீட்டினார்.

"பிள்ளை, ஆருக்கும் சொல்லாமல் இதை ஒருக்காப் பார். என்ர தங்கச்சியின்ர மூத்தவள். லண்டனில இருக்கிறவள். பதினேழு வயது. செத்தவீட்டுக்குப் போற மாதிரி உடுத்துக்கொண்டு நிக்கிறாள். இவளுக்கு என்ன நடந்தது?"

படத்தில் ஒரு பெண்பிள்ளை. நிலம் தொடும் கறுப்பு வெல்வெட் சட்டை. முகத்தில் வெள்ளைப் பவுடர், கண்ணைச் சுற்றித் தடிப்பான மை, உதட்டில் கறுப்புப் பூச்சு. கழுத்தில் சிலந்தி வலை போன்ற ஒரு வெள்ளி மாலை. ஆனால் முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. தாய் ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் அழுவதாக அக்கா சொன்னார். பேய் பிடித்துவிட்டது என்றும், யாரோ சூனியம் செய்துவிட்டார்கள் என்றும், கூடாத கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்றும் அங்குள்ள சனம் ஆளுக்கொன்றாகச் சொல்கிறதாம். கோயிலில் ஓர் அம்மா இந்தப் பிள்ளையைக் கண்டு தன் மகளைத் தள்ளி நிறுத்தினாராம்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், இளைஞர்களின் உபகலாசாரங்கள் பற்றி ஒரு பாடம் இருந்தது. பரீட்சைக்காகப் படித்தேன். இந்த வன்னி மண்ணில் அது எப்போதாவது உதவுமென்று நினைக்கவில்லை. "அக்கா, இதுக்குப் பேர் கோத். இங்கிலாந்தில இது நாற்பது வருசத்துக்கு மேலாய் இருக்கு" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெயர் உள்ள எதுவும் பாதிப் பயத்தைக் குறைத்துவிடும் போலும். அன்று அவருக்குச் சொன்னதையும், பின்னர் தேடி வாசித்ததையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளோ பெறாமக்களோ உள்ள வேறு சகோதரிகளுக்கும் இந்தக் கேள்வி இருக்கக்கூடும்.

சொல் வந்த வழி

கோத்தியர் என்பது பழைய காலத்து ஜேர்மானிய இனக்குழு ஒன்றின் பெயர். கி.பி. 410 இல் உரோமாபுரியைச் சூறையாடியவர்கள் அவர்களே. ஆயிரம் வருடங்களுக்கு மேல் கழிந்த பின்னர் இத்தாலிய அறிஞர்கள், தமக்குப் பிடிக்காத கூர்மாடக் கட்டடங்களை "கோத்தியர் பாணி" என்று இழித்துச் சொன்னார்கள். காட்டுமிராண்டி வேலை என்பதே அதன் பொருள். ஐரோப்பாவின் புகழ்பெற்ற தேவாலயங்கள் பல அந்தப் பெயரில்தான் இன்றும் அறியப்படுகின்றன. வசைச்சொல் ஒன்று காலப்போக்கில் பெருமைக்குரிய பெயராகும் கதையின் தொடக்கம் அது.

அந்தப் பாழடைந்த மாடங்களையும் கோட்டைகளையும் களமாக வைத்து, 18 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் திகில் நாவல்கள் எழுந்தன. ஹொரஸ் வால்போல் 1764 இல் வெளியிட்ட "ஒட்ராண்டோ கோட்டை" இந்த வகையின் முதல் நாவல் எனக் கொள்ளப்படுகிறது. இந்த வகை நாவல்களை வளர்த்தவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். ஆன் ரட்கிளிஃப், அடைபட்ட மாளிகைகளில் சிக்கிய பெண்களின் பயத்தை எழுதிப் பெரும் புகழ் பெற்றார். மேரி ஷெல்லி தனது இருபதாவது வயதில் 1818 இல் "பிராங்கன்ஸ்டைன்" நாவலை வெளியிட்டார். அதில் அவரது பெயர்கூட அச்சிடப்படவில்லை.

பின்னர் 1897 இல் பிராம் ஸ்டோக்கரின் "டிரகுலா" வந்தது. ஸ்டோக்கர் 1890 இல் விட்பி என்ற சிறிய கரையோர ஊரில் விடுமுறை கழித்தவர். டிரகுலா என்ற பெயரை அவர் கண்டெடுத்ததும் அந்த ஊர் நூலகத்திலிருந்த ஒரு புத்தகத்தில்தான். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், மீன்பிடிப் படகுகளும், குன்றின் மேல் இடிந்த பழைய மடாலயமும், அதற்கு ஏறிச்செல்லும் 199 கற்படிகளும் கொண்ட ஊர் அது. நாவலில் டிரகுலா வந்த கப்பல் அங்கேதான் கரைதட்டுகிறது. கோத் ஆட்களுக்கு இந்த ஊர் எங்களுக்குத் திருவிழா ஊர் போன்றது. 1994 இல் ஜோ ஹாம்ஷயர் என்ற பெண், தனது பேனா நண்பர்களை இங்கு ஒன்றுகூட அழைத்தார். கடிதம் எழுதிப் பழகியவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்க்க வந்த அந்தச் சந்திப்பே, பின்னர் ஆயிரக்கணக்கானோர் வரும் விட்பி கோத் வாரவிழாவாக வளர்ந்தது. முதலில் முகம் சுளித்த கடைக்காரர்கள் பிறகு வரவேற்றார்கள். விடுதிகள் நிரம்பின, வியாபாரம் நடந்தது. தேவாலயத்துக் கல்லறைகளில் சாய்ந்து படம் எடுப்பதை மட்டும் ஊரார் விரும்பவில்லை. அதில் ஊரார் பக்கம்தான் நான். அங்கே உறங்குவது அவர்களுடைய உறவுகள் அல்லவா?

துக்கத்தின் உடுப்பு

விட்பியில் இன்னொன்றும் உண்டு. ஜெட் எனப்படும் கறுப்புக் கல். உண்மையில் அது கல் அல்ல, கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்குள் அழுந்திக் கிடந்த மரம். 1861 இல் விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் இறந்தார். அன்று கறுப்பு உடுத்த மகாராணி 1901 இல் தான் இறக்கும் வரை அதைக் களையவில்லை. நாற்பது வருடங்கள். அரசி துக்கம் காத்ததைப் பார்த்து நாடே துக்கம் காக்கப் பழகியது. விட்பியில் ஜெட் மாலைகளும் தோடுகளும் செய்யும் பட்டறைகள் பெருகின. துக்க காலத்தில் பெண்கள் அணியத் தகுந்த ஆபரணம் அது ஒன்றே எனப்பட்டது.

இந்தப் பகுதியை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். எங்களைப் பார்த்து "உங்கள் ஊரில் விதவைகளை இப்படியா நடத்துகிறீர்கள்" என்று கேட்கும் வெள்ளைக்காரரின் பாட்டிமாருக்கும் சட்டம் இருந்திருக்கிறது. கணவனை இழந்தவள் முதல் ஒரு வருடமும் ஒரு நாளும், மினுக்கம் இல்லாத கறுப்புச் சட்டையும் அதன் மேல் கிரேப் என்ற சுருக்கத் துணியும் அணிய வேண்டும். விருந்துகளுக்குப் போகக் கூடாது. பிறகு படிப்படியாகக் கிரேப்பைக் குறைக்கலாம். இறுதியில் சாம்பல் நிறமும் வெளிர் ஊதாவும் அனுமதிக்கப்படும். எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை வருடங்கள். மனைவியை இழந்த ஆணுக்கோ சில மாதங்கள் கறுப்புக் கைப்பட்டியும் தொப்பிப் பட்டியும் போதும். அவன் வேலைக்குப் போகலாம், மறுமணமும் செய்யலாம்.

எங்களிடம் வெள்ளை, அவர்களிடம் கறுப்பு. எங்களுக்கு அழிக்கப்பட்டது பொட்டு, அவர்களுக்கு மறைக்கப்பட்டது மினுக்கம். நிறம் மாறினாலும், ஒரு பெண்ணின் வீட்டில் என்ன நடந்தது என்பதை அவள் உடம்பைப் பார்த்தே ஊர் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு ஒன்றுதான்.

எமது பொருளாளர் அக்காவின் கணவரை 2009 மே மாதத்திற்குப் பிறகு யாரும் காணவில்லை. அக்கா இன்றுவரை பொட்டு வைக்கிறார். "அந்த மனிசன் இல்லையெண்டு ஆர் எனக்குச் சொன்னது?" என்பது அவர் கேள்வி. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை. இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோத் பிள்ளைகள் செய்தது என்னவென்றால், இந்தப் பழைய துக்க உடுப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாங்களாகவே உடுத்திக்கொண்டதுதான். யாரும் அவர்களுக்கு உடுத்திவிடவில்லை. வேண்டாதபோது களையவும் தடையில்லை. பாட்டி கட்டாயத்தில் அணிந்த கிரேப்பையும் லேசுத் துணியையும் ஜெட் மாலையையும் பேத்தி வடிவுக்காக அணிகிறாள்.

பாட்டும் ஊரும்

உடுப்பைப் பற்றியே எழுதிக்கொண்டு போகிறேன். கோத் ஆட்கள் கேட்டால் கோபிப்பார்கள். அவர்களுக்கு முதலில் பாட்டு, பிறகுதான் உடுப்பு.

1970களின் இறுதியில் இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் சோர்ந்து போயிருந்தன. ஆலைகள் மூடப்பட்டன. 1982 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைக் கடந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1976 அளவில், பங்க் என்ற ஆவேச இசை இளைஞர்களிடையே வெடித்தது. கத்திக் களைத்த பிறகு சிலர் மெதுவாகவும் இருட்டாகவும் பாடத் தொடங்கினார்கள். 1979 ஓகஸ்டில் நோர்தம்டன் நகரத்து பௌஹவுஸ் குழு, "பேலா லுகோசி இறந்துவிட்டார்" என்ற பொருள்படும் பாட்டை வெளியிட்டது. பேலா லுகோசி 1931 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் டிரகுலாவாக நடித்தவர். ஒன்பது நிமிடத்திற்கு மேல் நீளும் அந்தப் பாட்டே கோத் இசையின் தொடக்கம் என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். மன்செஸ்டர் பக்கத்து ஜோய் டிவிசன், லீட்ஸ் நகரத்து சிஸ்டர்ஸ் ஒப் மேர்சி, ரொபேட் ஸ்மித்தின் த கியூர் ஆகிய குழுக்களும் இந்த வரிசையில் வருபவை. ஜோய் டிவிசன் பாடகர் இயன் கேர்ட்டிஸ், வலிப்பு நோயும் மனச்சோர்வும் சேர்ந்து வாட்ட, 1980 இல் 23 வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். ரொபேட் ஸ்மித் நரைத்த தலையோடு இன்றும் பாடுகிறார். 2024 இல் வந்த அவரது குழுவின் இசைத்தொகுப்பு பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது.

இவர்களுள் நான் நிறுத்திப் பேச விரும்புவது சூசி சூ என்ற பெண்ணைப் பற்றி. 1957 இல் பிறந்தவர். இயற்பெயர் சூசன் பாலியன். குடிப்பழக்கத்துக்கு ஆளான தந்தையைத் தன் பதினான்காவது வயதில் இழந்தவர். 1976 இல் முதன்முதலாக மேடை ஏறியபோது அவரது குழுவிடம் ஒழுங்கான ஒரு பாட்டுக்கூட இல்லை. ஆனால் இரண்டு வருடங்களில் இசைத்தட்டு வெளியிட்டார்கள். குழுவின் பெயரில் உள்ள "பான்ஷீ" என்பது அயர்லாந்துக் கதைகளில் சாவுக்கு முன் ஒப்பாரி வைக்கும் பெண் ஆவி. அதுவரை மேடைப் பாடகி என்றால் ஆண்களின் கண்ணுக்கு இனிமையாக நிற்பவள். சூசியோ எகிப்திய ஓவியம் போலக் கண்ணுக்கு மை தீட்டி, கறுப்பு முடியைச் சிலிர்த்து, நெருங்க விடாத ஒரு முகத்தோடு நின்றார். அந்தக் கண்மைதான் அக்காவின் பெறாமகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சூசியும் சரி, ரொபேட் ஸ்மித்தும் சரி, "எங்களைக் கோத் என்று அழைக்காதீர்கள்" என்று சொல்லி வந்தவர்கள்.

1982 இல் லண்டன் சோஹோவில் "பட்கேவ்", அதாவது வௌவால் குகை, என்ற இரவு விடுதி திறந்தது. அங்கிருந்து உடுப்பும் ஒப்பனையும் ஒரு பாணியாகப் பரவின. பணமுள்ளவர்களின் பாணியாக அது தொடங்கவில்லை. பழைய துணிக்கடையில் வாங்கிய சட்டையைக் கறுப்புச் சாயத்தில் தோய்த்து, லேசு வைத்துத் தைத்து, வலை காலுறையைக் கிழித்துக் கைக்கு மாட்டி உருவாக்கிய பாணி. தையல் தெரிந்த எங்கள் சங்கத்துப் பெண்கள் அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் வேலைப்பாட்டை மெச்சுவார்கள். ஆண்களும் அங்கே கண்மையும் உதட்டுப் பூச்சும் பூசுவார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கேலி செய்வதில்லை. பிற்காலத்தில் பல கிளைகள் தோன்றின. விக்டோரியா காலத்து நீள்சட்டைக்காரர், பளிச்சென்ற செயற்கை முடியோடு இயந்திர இசைக்கு ஆடுபவர் என்று அந்தப் பட்டியல் நீளம். புதிதாக அறிபவர்களுக்கு அது தேவையில்லை.

எல்லை கடந்தும் இது பரவியது. கிழக்கு ஜேர்மனியில் கம்யூனிச ஆட்சி நடந்தபோது, கறுப்பு உடுத்த இளைஞர்களை இரகசியப் பொலிசார் கண்காணித்தார்கள். 1988 இல் பொட்ஸ்டாம் நகரில் அவர்கள் ஒன்றுகூட முயன்றபோது அது தடுக்கப்பட்டது. அடுத்த வருடம் பேர்லின் சுவர் விழுந்தது. 1992 இல் லைப்சிக் நகரில் முதலாவது பெருங்கூடல் நடந்தது. இப்போது பெந்தகொஸ்தே விடுமுறையில் 20,000 பேர் அளவில் அங்கு கூடுகிறார்கள். கறுப்பு உடுத்த தாய் தந்தையர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதை அங்கே காணலாம்.

இந்தத் தாய் தந்தையர் விடயம் முக்கியமானது. "வயதுக் கோளாறு, கொஞ்ச நாளில் போய்விடும்" என்று சொல்லித்தான் அன்று அக்காவை நான் தேற்றினேன். அது சரியான பதில் அல்ல என்று பிறகு அறிந்தேன். பிரித்தானிய சமூகவியலாளர் போல் ஹொட்கின்சன், தானும் ஒரு கோத் ஆக இருந்துகொண்டே அந்தச் சமூகத்தை ஆராய்ந்து 2002 இல் நூல் வெளியிட்டவர். பலர் நீண்டகாலம் இதில் நிலைத்திருக்கிறார்கள் என்பதும், உடுப்பை விட நட்பும் தோழமையுமே அவர்களைப் பிணைத்து வைக்கின்றன என்பதும் அவர் கண்டவை. இதில் ஆசிரியர்கள், கணினி வேலை செய்பவர்கள், தாதியர் எல்லோரும் உண்டு. பகலில் அலுவலக உடுப்பு, சனிக்கிழமை இரவு கறுப்பு வெல்வெட்.

பேய் எங்கே இருந்தது?

கோத் என்பது மதம் அல்ல. பேய் வழிபாடும் அல்ல. கிறிஸ்தவர், கடவுள் நம்பிக்கையற்றவர், பழைய ஐரோப்பிய தெய்வங்களை வணங்குபவர் என எல்லா வகையினரும் இதில் உள்ளனர். சிலுவை, வௌவால், மண்டையோடு என்பன பெரும்பாலும் அலங்காரமே. ஆனாலும் பயம் தொடர்ந்தது. 1999 இல் அமெரிக்காவின் கொலம்பைன் பாடசாலையில் இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றபோது, கொலையாளிகள் கோத் என்று செய்திகள் அலறின. அது பொய்யென்று பின்னர் தெரிந்தது. அதற்குள் அமெரிக்காவெங்கும் கறுப்பு உடுத்த பிள்ளைகள் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டார்கள். சமூகம் தன் பயத்தை ஏற்றி வைக்க ஒரு கூட்டத்தைத் தேடிப் பிடிக்கும் என்று ஸ்டான்லி கோஹன் 1972 இலேயே எழுதியிருந்தார். பரீட்சையில் நான் எழுதிய விடை ஒன்றும் அதைப் பற்றியதே.

ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதை சோபி லங்காஸ்டர் என்ற பிள்ளையின் கதை சொல்லும்.

சோபிக்கு 20 வயது. இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்தவள். மூக்கிலும் உதட்டிலும் வளையங்கள், பின்னி விட்ட முடி, கறுப்பு உடுப்பு. 2007 ஓகஸ்ட் 11 ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின், பேக்கப் என்ற சிறு நகரத்தின் பூங்கா வழியாகக் காதலனுடன் நடந்து கொண்டிருந்தாள். அங்கு நின்ற பதின்ம வயதுப் பையன்கள் கூட்டமொன்று காரணமில்லாமல் காதலனைத் தாக்கியது. அவன் நினைவிழந்து விழுந்தான். சோபி ஓடவில்லை. நிலத்தில் இருந்து அவன் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டு, அடிக்க வேண்டாமென்று கெஞ்சினாள். அவர்கள் அவள் தலையில் உதைத்தார்கள். காதலன் பிழைத்தான். சோபி நினைவு திரும்பாமலே ஓகஸ்ட் 24 ஆம் திகதி இறந்தாள். ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் இருவருக்குக் கொலைக் குற்றத்துக்காக 2008 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்கள் உடுத்திருந்த விதமும் தோற்றமுமே தாக்குதலுக்குக் காரணம் என்றும், இது வெறுப்புக் குற்றம் என்றும் நீதிபதி கூறினார்.

மடியில் தலையை ஏந்தியபடி இருந்த அந்தப் பிள்ளையை நினைக்கும்போது, 2009 இல் நான் சிறுமியாகக் கண்ட சில காட்சிகள் எனக்கு வந்து போகின்றன. அவற்றை இங்கு எழுத மாட்டேன்.

சோபியின் தாய் சில்வியா, இளைஞர்களுடன் வேலை செய்து வந்தவர். மகளின் பெயரில் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். சோபி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை விரித்து, முற்சாய்வையும் வெறுப்பையும் சகிப்பின்மையையும் எங்கும் ஒழிப்போம் என்ற பொருள்வரும்படி அதற்குப் பெயரிட்டார். பாடசாலை பாடசாலையாகச் சென்று பேசினார். இனம், மதம், ஊனம் முதலிய காரணங்களால் நடக்கும் தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பொலிசார் பதிவது போல், தோற்றத்துக்காக நடக்கும் தாக்குதலையும் பதிய வேண்டும் என்று கேட்டு அலைந்தார். நாடு முழுமைக்குமான சட்டம் அப்படி மாறவில்லை. ஆனால் 2013 ஏப்ரலில் மன்செஸ்டர் பெருநகரப் பொலிசார் முதன்முதலில் அவ்வாறு பதியத் தொடங்கினார்கள். பின்னர் வேறு சில பிரதேசப் பொலிசாரும் பின்பற்றினார்கள். 2014 இல் அரச விருது பெற்ற சில்வியா, 2022 இல் காலமானார். விட்பியில் கடலைப் பார்த்தபடி சோபியின் நினைவாக ஒரு வாங்கு வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு தாய் கோப்புகளுடன் கதவு கதவாக ஏறி இறங்கிய கதையை, உங்களை விட நன்றாக விளங்கிக்கொள்பவர்கள் இருக்க மாட்டார்கள்.

தாய்மார் பார்க்க வேண்டியது

இவ்வளவும் சொன்னதால், கறுப்பு உடுத்த பிள்ளைகள் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்றின் முடிவு 2015 இல் வெளிவந்தது. 15 வயதில் தம்மை உறுதியாகக் கோத் என்று சொன்ன பிள்ளைகள் 18 வயதில் மனச்சோர்வுக்கு உள்ளாகும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைப் போல் மூன்று மடங்காகவும், தம்மைத் தாமே காயப்படுத்தும் வாய்ப்பு ஐந்து மடங்காகவும் இருந்தது. அதேவேளை அவர்களில் பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

கறுப்பு உடுப்புத்தான் மனச்சோர்வைத் தந்தது என்று இதை வாசிக்கக் கூடாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஏற்கனவே மனம் நொந்த பிள்ளைகள், பாடசாலையில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள், தங்களை ஏற்றுக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேடி இங்கு வந்து சேர்வதும் உண்டு. சோகத்தை மறைக்காமல் பேசக்கூடிய கூட்டம் அது. அந்தக் கூட்டத்திலிருந்து பிள்ளையை இழுத்துப் பிரித்தால், மிஞ்சியிருக்கும் நண்பர்களையும் அவள் இழப்பாள்.

ஆகவே அக்காவின் தங்கைக்கு நான் சொல்லி அனுப்பியது இதுதான். சட்டையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். பிள்ளை நித்திரை கொள்கிறாளா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? முன்பு விரும்பியதை இப்போதும் விரும்புகிறாளா, நண்பர்கள் இருக்கிறார்களா? வெயிலிலும் கையை மூடியே வைத்திருந்தால், சண்டை பிடிக்காமல் மெதுவாகக் கேளுங்கள். "சாக வேணும் போல இருக்கா" என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைப் புதிதாக ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பிழை. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். பிரித்தானியாவில் பிள்ளைகள் கதைப்பதற்கு 0800 1111 என்ற சைல்ட்லைன் இலக்கம் உண்டு. இலங்கையில் 1926 என்ற மனநல உதவி இலக்கம் உண்டு. வீதியிலோ பாடசாலையிலோ யாராவது பிள்ளையைக் கேலி செய்கிறார்களா, துரத்துகிறார்களா என்பதையும் கேளுங்கள். கோயிலில் அவளைத் தள்ளி நிறுத்திய அம்மாவைப் பற்றியும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது அவளுக்கு வலித்திருக்கும்.

இரண்டு கிழமை கழித்து அக்கா என்னையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பெறாமகளுடன் கதைத்தார். திரையில் அந்தக் கறுப்பு உதடு வந்ததும் எனக்கே ஒரு கணம் திக்கென்றது. புத்தகத்தில் படித்தது வேறு, நேரே பார்ப்பது வேறு. பிள்ளையின் தமிழ் இடறி இடறி வந்தது.

"ஏன் பிள்ளை கறுப்பு?"

"எனக்கு வடிவாயிருக்கு, பெரியம்மா. அம்மா அழுறா. நான் சந்தோசமாத்தான் இருக்கிறன்."

"சாப்பிட்டியோ?"

"ஓம். புட்டு."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு பிள்ளை சூசியின் படமொன்றைக் காட்டியது. தன் பரதநாட்டிய ஒப்பனையில் கண்ணை நீட்டி எழுதுவதும் இதுவும் ஒன்று போலிருப்பதாகச் சொன்னது. எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. கடைசியில் தயங்கித் தயங்கி, "பெரியம்மா, எனக்கு ஒரு கறுப்புச் சாறி அனுப்புவீங்களா? இங்க கடையில மினுக்கமாத்தான் இருக்கு" என்று கேட்டது.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் பட்டணத்துக்குப் போனோம். கடைக்காரர் சிவப்பும் பச்சையுமாக எடுத்துப் போட்டார். கறுப்பு என்றதும் அக்காவின் பொட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கறுப்போ? ஆருக்கு அம்மா?"

"பெறாமகளுக்கு. லண்டனில இருக்கிறாள். நூல் சாறி காட்டுங்கோ. கரையும் கறுப்பாயிருந்தால் நல்லது."

மூன்று கடை ஏறி இறங்கித்தான் கிடைத்தது. தபாலகத்தில் பொதியின் மேல் ஆங்கிலத்தில் விலாசத்தை நான் எழுதினேன்.